வேன் தரையில் ஒரு முழ ஈரம்

செங்காட்டூரில் செத்துப்போனவர்கள் சொந்த வீட்டில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிப் போகிற பாக்கியம் பெத்துராஜ் வேன் வாங்கிய பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால், வெயிலைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக விளையாத அந்த ஊரில், காலையில் போனவரைச் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். திருப்பூரில் பனியன் தைக்கிற மகன் பஸ் மாறி பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அவன் வெறும் மண்மேட்டைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவான். பெத்துராஜ் ஒரு பழைய வேனையும் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி ஒன்றையும் வாங்கி, சுற்றியிருந்த பதினாலு ஊருக்கும் தன் போன் நம்பரைச் சுவரில் எழுதி வைத்தான். எழுதின மறுநாளே மணி அடித்தது. அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் அவனைத் தெருவில் பார்த்தால் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பொதுவாகத் தலையை ஆட்டப் பழகிக்கொண்டார்கள்.

பெத்துராஜுக்குப் பெட்டியைவிட வேனின் தரைமேல் பற்று அதிகம். தகரத்துக்கு மேல் பலகை அடித்து, வார்னிஷ் பூசி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறுவான். ஐஸ் பெட்டி என்றால் தண்ணீர் வடியத்தான் செய்யும். பின்பக்கத்துக் குழாயைப் பக்கெட்டில் விட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய வைத்து, பெட்டியைச் சாய்த்து, மூலை முடுக்கெல்லாம் துணி வைத்து ஒற்றியெடுத்து, அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர்களில் இரண்டு பேரைக் கைகொடுக்கச் சொல்லி வண்டியில் ஏற்றுவான். தாலி கட்டிக்கொண்டவள் முகத்தை ஒருநாளும் இந்த மனுஷன் இப்படித் துடைத்துவிட்டதில்லை என்று அவன் மனைவி ராமுத்தாய் சொல்லிச் சிரிப்பாள். அப்போது அவள் சிரிக்கிறவளாக இருந்தாள்.

எண்ணெய் மில் சங்கரலிங்கம் இறந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்றுதான் தரையில் முதன்முதலாகத் தண்ணீர் நின்றது. துடைத்து ஏற்றின பெட்டி துடைத்தபடியே இருந்தது. அதைச் சுற்றிலும் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர், வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. பெத்துராஜ் துணியைப் போட்டான். துணி நனையவில்லை. சாக்கை விரித்தான், மரத்தூளைக் கொட்டினான், நாலு நாள் கதவைத் திறந்து உச்சிவெயிலில் நிறுத்திப் பார்த்தான். மரத்தூள் தூளாகவே மிதந்தது. சொட்டுகிற தண்ணீர் இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டும், ஊறுகிற தண்ணீர் பலகையில் ஊறிக்கொண்டும் இருக்க, நின்ற அளவு மட்டும் நின்ற இடத்திலேயே இருந்தது.

ஐந்தாம் நாள் திரவியம் என்கிற பெண், அந்த மில்லில் முப்பது வருஷமாகக் கடலைப் பருப்பு புடைத்தவள், வண்டியைக் கடந்து போனவள் நின்று, எட்டிப் பார்த்து, “என்னத்தையோ சிந்தி வச்சிருக்கீகளே” என்று சொல்லி, சேலைத் தலைப்பை எடுத்துப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் தலைப்பு குடித்தது. அவள் பிழிந்தாள், மறுபடி போட்டாள், மறுபடி பிழிந்தாள். வேப்பமரத்து மூட்டில் வாய்க்கால் போல ஓடிற்று. பாதித் தரை வெளுத்தபோதே அவள் அழ ஆரம்பித்திருந்தாள். முழுத்தரையும் காய்ந்தபோது, மில்காரர் வீட்டு வாசலில் ஓர் ஓரமாகக்கூட உட்கார முடியாமல் ரோட்டோடு நின்றுவிட்டுப் போன அந்தப் பெண் நடுத்தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். பந்தலில் விழுந்து புரண்ட மில்காரரின் மூன்று மகன்களின் கணக்கில் அந்தத் தரையில் ஒரு சொட்டும் கிடையாது. அவர்கள் எல்லாவற்றையும் வாசலிலேயே அழுது முடித்திருந்தார்கள். ஊர் ஒரு வாரம் அதைப் பேசியது, எட்டாம் நாள் திரவியத்தைக் கூப்பிட்டு மில்லில் சங்கரலிங்கம் உட்கார்ந்த பழைய நாற்காலியைக் கொடுத்தது. ஏன் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்காமல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஆக, அழாமல் விழுங்கினது எதுவோ அது பெட்டி வண்டியின் தரையில் வந்து நிற்கும், விழுங்கினவர் கையால் துடைத்தால்தான் போகும் என்பது இரண்டு மாதத்துக்குள் பதினாலு ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. மழை ஏன் அந்த ஊருக்கு மட்டும் பெய்வதில்லை என்று யாராவது சொல்ல முடிந்தால் இதற்கும் சொல்கிறோம் என்று பதில் கிடைத்தது. கேள்வி அதோடு நின்று, காரியம் நடக்க ஆரம்பித்தது. பால் ஊற்றுவதற்கும் சாம்பல் கரைப்பதற்கும் பக்கத்தில் ‘தரை துடைப்பு’ என்று ஒரு சடங்கு சேர்ந்துகொண்டது. இறுதி ஊர்வலம் மாலை நாலு மணி, தரை துடைப்பு மறுநாள் காலை எட்டு மணி என்று கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலேயே அச்சடித்தார்கள். எட்டு மணிக்கு வண்டி வாசலில் வந்து நிற்கும். உறவுமுறைப்படி ஒவ்வொருவராக வந்து துணியைப் போடுவார்கள். யார் துணி நனைகிறதோ அவரைச் சுற்றிக் கொஞ்ச நேரம் இடம்விட்டு நிற்பார்கள். மாமியார் சாவில் ஒரு துளி விடவில்லை என்று பேர் வாங்கின மருமகள் இரண்டு பக்கெட் பிழிந்தாள். விறைப்பான ஏட்டு ஒருவர் தன் அண்ணனுக்காகச் சீருடையோடு முட்டி போட்டுத் துடைத்தார். அப்பா சாவுக்கு வரமாட்டேன் என்று சொன்ன மகனுக்காக ஒரு வீட்டுத் தண்ணீர் மூன்று வாரம் வண்டியில் சுற்றியது. அவன் ஒருநாள் பஸ்ஸைவிட்டு இறங்கி, யாரிடமும் பேசாமல், நேராக வேனுக்குப் போய்த் துடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினான். வீட்டு மானம் போகக்கூடாது என்று பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் ஊற்றிவிட்டவர்களும் இருந்தார்கள். அது அரை மணி நேரத்தில் காய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றிரண்டு வீடுகளில் தரை எலும்பாய்க் காய்ந்தே வரும். அன்றைக்குக் கூட்டம் காப்பியைக்கூட மிச்சம் வைத்துவிட்டுச் சீக்கிரம் கலைந்து போகும்.

பெத்துராஜுக்கு இதில் ஒரே குறை, பலகை கெடுகிறது என்பதுதான். ஊர்த் துக்கத்தையெல்லாம் ஊறப்போட என் வண்டித் தரைதானா கிடைத்தது என்று முணுமுணுத்துக்கொண்டே, துடைப்பு முடிந்ததும் வார்னிஷை எடுத்து இன்னொரு பூச்சு அடிப்பான்.

பெத்துராஜின் மகள் பூர்ணிமா இறந்துபோன சித்திரையில் வெயில் ஊரையே வறுத்தது. வயசானவர்கள் கட்டிலில் படுத்தபடியே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே பெட்டி, பதினாலு ஊர். ஒரு வீட்டில் இறக்கிவிட்டு உட்காரும்போதே அடுத்த வீட்டுக்காரர்கள் போனில் வரிசை சொன்னார்கள். பெத்துராஜ் வீட்டுக்கு வருவது குளிக்கவும் சட்டை மாற்றவும்தான். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற அவனுடைய ஒரே மகள் பூர்ணிமா, கதவடியில் நின்று மோர்ச் செம்பை நீட்டினாள். முகம் ஒருமாதிரி இருக்கிறதே என்று கேட்டான். “வெயில்ப்பா” என்றாள். செம்பை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அது அவளுக்கு வயிற்றுவலி வந்த இரண்டாம் நாள். மூன்றாம் நாள் மத்தியானம், குடல்வால் வெடித்து விஷமாகிவிட்டது, ஒருநாள் முன்னால் கொண்டு வந்திருந்தால்கூடப் பார்த்திருக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பத்தொன்பது வயசு.

அவளைக் கொண்டுவந்த வீட்டில் பெத்துராஜ் என்ன செய்தான் என்பதை ஊரே பார்த்தது. பெட்டியை இறக்கினான். கரண்டு அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று நாலாவது வீட்டிலிருந்து ஒயர் இழுத்து வந்தான். மூடிக் கண்ணாடியில் படிந்த புகையைத் துடைத்தான், குழாயைப் பக்கெட்டில் விட்டான், பக்கெட் நிரம்ப நிரம்ப ஊற்றிவிட்டு வந்து வைத்தான். ராமுத்தாய் தொண்டை கிழிந்து, சத்தம் போய், அதற்கப்புறமும் வெறும் வாயால் அழுதுகொண்டிருந்தாள். அவன் அவளைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தான். அடக்கம் முடிந்து திரும்பியதும் ஒயரைச் சுருட்டி, பெட்டியைச் சாய்த்து, ஒற்றியெடுத்து, வண்டியில் ஏற்றினான். மறுநாள் எட்டு மணிக்கு, சொல்லாமலே ஊர் வந்து வாசலில் நின்றது. வேனின் பின்கதவு ஓரம், இடதுபக்கச் சக்கர மேட்டை ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு ஈரம் மின்னிக்கொண்டிருந்தது. ராமுத்தாய் பாயைவிட்டு எழவில்லை. அழுது தீர்த்தவளை எழுப்பிக் கூப்பிட யாருக்கும் தோன்றவும் இல்லை. எல்லோரும் பெத்துராஜைப் பார்த்தார்கள். அவன் ஒரு கண நேரம் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு, “கசவன்குன்றுல பெட்டி கேட்டிருக்காக, நேரமாச்சு” என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் பதினாலு மாதம், மற்ற வீடுகளின் தண்ணீர் வந்தது, துடைக்கப்பட்டுப் போனது. அந்த ஒரு முழம் மட்டும் போகவில்லை. அது யாருடையது என்று ஊருக்குத் தெரியும். பெத்த மகளுக்கு ஒரு சொட்டு விடாதவனுடையது, வேறு யாருடையதாக இருக்கும்? ஆனாலும் ஒருவரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. பெட்டி இறக்கக் கைகொடுக்கிறவர்கள் அந்த இடத்தை மிதிக்காமல் காலை அகட்டி வைத்து ஏறினார்கள். தரை துடைப்புக்கு வருகிறவர்கள் தங்கள் துணி அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். எதைக் கண்டாலும் வம்பு பேசுகிற ஊர், இந்த ஒரு முழத்துக்கு மட்டும் இப்படி மரியாதை கொடுத்தது.

பெத்துராஜுக்கும் தெரியும். தெரிந்தேதான் துடைக்காமல் இருந்தான். அழாத தகப்பன் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவது அவன் காதில் விழாமல் இல்லை. அப்போதெல்லாம் கதவைத் திறந்து அந்த ஈரத்தைப் பார்ப்பான். இந்தா இருக்கிறது என் பிள்ளைக்கு நான் பட்டது, கண்ணுக்குத் தெரிகிறமாதிரி இருக்கிறது என்று மனசு கொஞ்சம் அமரும். துடைத்துவிட்டால் காட்டுவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது? அழுகை வரவில்லை என்பது பொய்யில்லை. அன்றைக்கும் வரவில்லை, பதினாறாம் நாளும் வரவில்லை. இத்தனை தண்ணீரை உள்ளே வைத்திருப்பவனுக்குக் கண்ணில் எப்படி வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். ராமுத்தாயோ அந்த வேனை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். ஆனால் அவனிடம் பேசுவதை ஆமாம் இல்லையோடு நிறுத்திக்கொண்டாள். குனிந்து ஒரு துணி போடக்கூட மனசில்லாத மனுஷன் என்று தம்பி பெண்டாட்டியிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

தண்ணீர் யாருடையதானால் என்ன, பலகைக்கு எல்லாம் ஒன்றுதான். முதலில் பெத்துராஜ் அதன்மேல் தார்ப்பாய் விரித்தான். பிறகு முழுத்தரைக்கும் தடித்த ரப்பர் பாய் வாங்கிப் போட்டான். மேலே பார்க்க மழமழவென்று அழகாக இருந்தது, ஆறு மாதம் கழித்து டிங்கர் செல்லத்துரை பட்டறையில் பாயைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் பலகை கறுத்து நைந்து, குடைக்காளான் முளைத்திருந்தது. பலகையை மாற்றித் தார் பூசினார்கள். தாருக்குமேல் துத்தநாகத் தகடு அடித்தார்கள். தகட்டுக்கும் மேலே வந்து நின்றது ஈரம்.

“மேலருந்து வர்ற தண்ணின்னா பாய விரிக்கலாம், கீழருந்து வந்தா தகரத்த அடிக்கலாம்” என்றான் செல்லத்துரை. “இது எங்கிட்டிருந்து வருதுன்னு...” என்று ஆரம்பித்தவன், பெத்துராஜ் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு ஆணிப் பெட்டியில் எதையோ தேடினான்.

ஆனி மாதத்தில் ஒரு வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது அதன் சக்கரம் அந்த ஒரு முழத்தில் பலகையோடு அடியில் இறங்கிவிட்டது. பெட்டி சாய்ந்து, கண்ணாடி மூடி ஒரு விரல்கடை வித்தியாசத்தில் உடையாமல் தப்பியது. தகரமும் துருவேறி, கீழே ரோடு தெரிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, வண்டியைக் காட்டவேண்டிய மாதம் வேறு. இந்தத் தரையோடு போனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போ என்று சொல்லிவிடுவார்கள்; வண்டி நின்றால் பெட்டி நிற்கும், பெட்டி நின்றால் பதினாலு ஊரின் பிள்ளைகள் மறுபடியும் வெறும் மண்ணைத்தான் பார்ப்பார்கள். பெத்துராஜுக்கு இருந்த ஒரே பிழைப்பும் அந்தத் தரைமேல்தான் நின்றது.

செல்லத்துரைதான் தூத்துக்குடியில் படகுகளுக்கு பைபர் பூசுகிற சூசைமிக்கேலை வரவழைத்தான். கடல் தண்ணீருக்கே அசையாத பூச்சு, இதற்கு அசையுமா என்று நினைப்பு. சூசைமிக்கேல் ஒரு காலை, பசை டின்னும் பைபர் பாய்ச் சுருளும் உருளையுமாகப் பட்டறையில் வந்து இறங்கினார். புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்து, புதுப் பலகை அடித்துத் தயாராக இருந்தது. அடித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பலகையில், பழைய இடத்திலேயே, ஒரு முழ ஈரம். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஈரத்துமேல பைபர் புடிக்காது. மேல ஒட்டுன மாரி தெரியும், நாலு நாள்ல பாளம் பாளமா உரிஞ்சி வந்துரும். இத முதல்ல காய வைக்கணும்லா?”

வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

“என்ன இது, வாயில கொழுக்கட்டையா? ஒரு துணியப் போட்டுத் துடைங்களேன். இந்த ஒரு முழத்துக்கா இத்தன மாசம் பாய மாத்துனீய, தகரத்த மாத்துனீய?” வெளியூர்க்காரருக்கு எது சொல்லலாம் எது சொல்லக்கூடாது என்று தெரிய நியாயமில்லை. பதினாலு மாதமாக ஊர் கட்டிக்காத்ததை அவர் ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டார்.

பெத்துராஜ் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். பிறகு செல்லத்துரையிடம், “ஒரு துணி குடுப்பா” என்றான். செல்லத்துரை கொடியில் கிடந்த வெளுத்த வேட்டியை எடுத்து, கிழித்துக் கொடுக்காமல் முழுசாகவே கொடுத்தான். கூட்டம் தானாகத் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றது. பெத்துராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, முட்டி போட்டான். போய் வா தாயி என்று மனசுக்குள் சொல்லி வேட்டியை ஈரத்தின்மேல் வைத்து அழுத்தினான்.

எடுத்துப் பார்த்தான். வேட்டி காய்ந்தே இருந்தது.

மறுபக்கம் திருப்பி அழுத்தினான். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, உள்ளங்கையால், முழங்கையால், கடைசியில் வேட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் கையால் வழித்தான். கை நனையவில்லை. ஈரம் இருந்த இடத்தில் இருந்தது. அது அவனுடையது இல்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளைக்காக உள்ளே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு முழம்கூடத் தனக்குச் சொந்தமில்லை, ஊர் சொன்னது சரிதான், நான் காய்ந்த கட்டைதான் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“எனக்கு வரல” என்றான், திரும்பி நின்றவர்களின் முதுகைப் பார்த்து.

அப்படியானால் தாயினுடையது. அதைத் தவிர வேறு வழியில்லை. செல்லத்துரை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ராமுத்தாயிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் வாசல் தெளித்த கையோடு விறுவிறுவென்று நடந்து வந்தாள். பதினாலு மாதத்துக்கப்புறம் முதல்முறையாக வேனுக்கு முன்னால் வந்து நின்று, உள்ளே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, “உங்களுதில்லையா?” என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள், கீழே கிடந்த வேட்டியை எடுத்து ஈரத்தில் போட்டாள், தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தினாள்.

வேட்டி காய்ந்தே இருந்தது.

வீட்டில் இருந்ததே மூன்று பேர்.

இரண்டு பேரும் அந்த ஈரத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே எவருடைய போனோ அடித்து ஓய்ந்தது. முதலில் ராமுத்தாய்க்குத்தான் விளங்கியது. அவள் கையை நீட்டி, துடைப்பதற்காக இல்லாமல், நெற்றியில் காய்ச்சல் பார்க்கிறமாதிரி அதன்மேல் வைத்தாள்.

“மூணு நாளும் பல்லக் கடிச்சிட்டுத்தான் படுத்திருந்தா” என்றாள். “வலி வர்றப்பல்லாம் தலையணைய வாயில திணிச்சுக்கிடுவா. அழுதுரு தாயி, கொஞ்சம் லேசாகும்னேன். சத்தம் கேட்டா தெருவுல யாராச்சும் அப்பாகிட்டச் சொல்லிருவாகம்மான்னா. அப்பா பாவம், தூங்கி நாலு நாளாச்சு, கண்ணெல்லாம் ரத்தமா இருக்கு, இந்த வாரம் போகட்டும்னா. கஷாயம் வச்சுக் குடுத்தேன். ஒரு சொட்டு கண்ணீர் விடல. நானும் வெறும் வாயுப் பிடிப்புதான்னு இருந்துட்டேன். இதச் சொல்ல எனக்கு வாய் வரல, அதான் உங்ககிட்ட பேசாமலே இருந்தேன்.”

பெத்துராஜ் அந்த ஈரத்தின் நீளத்தைப் பார்த்தான். தார்ப்பாயும் ரப்பர் பாயும் தாரும் தகரமும் இரண்டு பலகையும் அரித்துத் தின்றும் குறையாத அந்தத் தண்ணீரைப் பார்த்தான். பதினாலு மாதமாக இதை எப்படி நிறுத்தலாம், எதைக் கொண்டு மூடலாம் என்றுதான் யோசித்திருக்கிறான். அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரோட்டைப் பார்த்து நின்றவர்கள் ஒருவரும் திரும்பவில்லை, ஆனால் அத்தனை பேரும் அவன் அழுவதைக் கேட்டார்கள். அவன் பலகையில் முகம் கவிழ்ந்து, ஒயர் இழுத்த அன்றைக்கு வரவேண்டியது, அடக்கத்தன்றைக்கு வரவேண்டியது, பதினாறாம் நாளைக்கு வரவேண்டியது என்று எல்லாவற்றையும் அழுதான். ராமுத்தாய் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணீர் அந்த ஈரத்தின்மேல் விழுந்தது, விழுந்த கொஞ்ச நேரத்தில் காய்ந்தும் போனது. மகளுடைய தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது.

மத்தியானம் சாய்ந்த பிறகு சூசைமிக்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டே வந்தார். அவருக்கு அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

“அண்ணாச்சி, படகு அடித்தட்டுல ஒரு ஓட்ட போட்டுத்தான் கட்டுவோம். கடல்ல போம்போது அடைப்பான் வச்சு இறுக்கிருவோம். கரையேத்துனதும் புடுங்கி விட்டா நின்ன தண்ணியெல்லாம் போயிரும், கட்ட கெடாது. இந்த இடத்த விட்டுட்டு, சுத்தி ஒரு வரப்பு மாரி ஒசத்தி, மிச்சத் தரைக்கு பைபர் போடுதேன். இதுக்கு நடுவுல மட்டும் ஒரு ஓட்டையப் போட்டு ஒரு குழாய எறக்கி விடுதேன். தண்ணி தேங்காது, வண்டி எஃப்.சி.யும் தாண்டிரும்.”

பெத்துராஜ் சரி என்றான். துளைபோடும் மிஷினை வாங்கி அந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் கீழே வைத்தான். ராமுத்தாய் அதை எடுத்தாள். அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. சூசைமிக்கேல் பக்கத்தில் குந்தி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். துளை விழுந்தது. வண்டிக்கு அடியில், பட்டறைப் புழுதியில், முதல் சொட்டு விழுந்து குழி பறித்தது.

“அடைப்பான் ஒண்ணு செஞ்சு தரட்டா?” என்று கேட்டார் அவர்.

“வேண்டாம்” என்றாள் ராமுத்தாய்.

பைபர் காய மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் காலை நாரணபுரத்திலிருந்து போன் வந்தது. ஒரு ஸ்கூல் வாத்தியார், மகள் பெங்களூரிலிருந்து வரவேண்டும். பெத்துராஜ் பெட்டியை ஏற்றும்போது கைகொடுக்க வந்தவர்கள் புதுத்தரையைப் பாராட்டினார்கள், வரப்பு கட்டின இடத்தை வழக்கம்போலத் தாண்டிப் போனார்கள். அவன் வண்டியைக் கிளப்பினபோது ராமுத்தாய் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலங்காடு. அடியில் சொட்டிக்கொண்டே வந்தது. அவர்கள் கடந்து வந்த வழியெல்லாம் தாரில் பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்து, அடுத்த பொட்டு விழுவதற்குள் வெயில் முந்தினதைக் குடித்தது. வெகுதூரம் போனபிறகு அவன் கேட்டான்.

“மூணு நாள்ல இவ்வளவா, ராமு?”

அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பீகளா?”

வந்திருப்பேன் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. அந்தச் சித்திரையை, வரிசையாக அடித்த போனை, வெயிலில் காத்துக் கிடந்த வீடுகளை, மோர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டு நின்ற முகத்தை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். நாரணபுரத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.

“இந்த வீட்ட முடிச்சிட்டு வாரேன்னு சொல்லியிருப்பேன்” என்றான்.

ராமுத்தாய் தலையை ஆட்டினாள். அது அவளுக்கும் தெரியும், பூர்ணிமாவுக்கும் தெரிந்திருந்தது. வாத்தியார் வீட்டுப் பந்தல் கண்ணில் பட்டதும் பெத்துராஜ் வேகத்தைக் குறைத்தான், ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.